வாசல் காய்

என் அண்ணனை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் அவர். ஒரு முலாம்பழத்தைத் தூக்கிக் காதோரம் வைத்துக்கொண்டு, நடுவிரலை மடக்கி இரண்டு தட்டு தட்டுவார். கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். இன்றைக்கே வெட்ட வேண்டியதா, இரண்டு நாள் தாங்குமா, இன்னும் கொடியிலேயே கிடக்கட்டுமா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். எங்கள் தொழிலில் பழுத்தாலும் அது காய்தான். பழம் என்று சொல்வது வாங்கித் தின்கிறவர்கள். பச்சைக் காய் ‘ணங்’ என்று கணீரென்று கேட்கும். பழுக்கப் பழுக்கச் சத்தம் கீழே இறங்கிக்கொண்டே வரும். நன்றாகப் பழுத்துவிட்டால் தலையணையைத் தட்டியது போல ‘பொத்’ என்று அடங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை படி இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்.

ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர், காய்ச்சலில் துவண்டுபோன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமோ வழி கேட்டு, விவசாயிகள் சங்கத்து ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

“டாக்டர் இருக்காருங்களா?”

“இருக்கேன் சார். ஆனா நான் காய்க்குத்தான் பாக்கறது” என்றார் அண்ணன். ஷெட்டே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் மொபெட்டில் அவர்களை ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் திரும்பினார். வழியெல்லாம் அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனாராம்.

அண்ணிக்கு இந்தப் பட்டப்பெயரில் பெருமையும் உண்டு, கிண்டலும் உண்டு. சாப்பிட உட்காரும்போது குனிந்து தலையை நீட்டுவார்.

“என்னங்க, என் தலையையும் கொஞ்சம் தட்டிப் பாருங்க. உள்ள ஏதாச்சும் இருக்கான்னு.”

அண்ணன் ரொம்பச் சிரத்தையாகத் தட்டிப் பார்ப்பார். “காலி. ணங்குனு கேக்குது.”

“உங்களைக் கட்டிக்கிட்டவ தலை வேற எப்படிக் கேக்கும்?”

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் கல்லூரி முடித்து, சங்கத்து அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அந்த வீட்டிலேயே தங்கிவிட்டேன். கல்யாணம் பற்றிய பேச்சு சில வருடங்கள் நடந்தது, பிறகு நின்றது. அண்ணன் என்னைக் கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

எங்கள் வயல்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம். ஆற்றின் மேல் ஒரு பாலம். பாலத்தின் அந்த முனையில் ஒரு கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய நாடு. அதன் பெயரை எங்கள் ஆட்கள் பேச்சில் சொல்வதே இல்லை. அக்கரை என்பார்கள், அவ்வளவுதான். அக்கரைக்குக் காய் போகிறது, அக்கரையில் விலை ஏறியிருக்கிறது, அக்கரைக்காரன் போன் பண்ணினான். விளைந்ததில் ஏறக்குறைய எல்லாமே அங்கேதான் போனது. காலையில் லாரி கிளம்பினால் மறுநாள் காலை அக்கரைச் சந்தையில் காய் இருக்கும். ஆகவே நன்றாகப் பழுத்த காயைத்தான் பறிப்பார்கள். அண்ணனுடைய காது முழுக்க அந்த ஒரு நாள் தூரத்துக்குப் பழகிய காது.

கேட்டில் ஒரு சோதனை அதிகாரி உண்டு. ஆட்கள் மாறுவார்கள், வழக்கம் மாறாது. லாரியின் பின்கதவைத் திறக்கச் சொல்வார். கைக்கு எட்டிய காயை எடுத்து வெட்டுவார். மோந்து பார்ப்பார், ஒரு துண்டு வாயில் போடுவார். பிடித்திருந்தால் லாரி உள்ளே போகும். பிடிக்கவில்லையென்றால் ஓரங்கட்டச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அதனால் எங்கள் ஷெட்டில் ஒரு முறை உண்டாயிற்று. எல்லாப் பெட்டியும் ஏற்றி முடித்ததும், கதவோரத்து மூலையில் ஒரு சிறிய இடம் விடுவார்கள். லோடு மேஸ்திரி குரல் கொடுப்பார்.

“டாக்டர், வாசல்!”

அண்ணன் அன்றைய காயிலேயே ஆக நல்லதாக, ஆகப் பழுத்ததாக ஐந்தாறு பொறுக்கி, வைக்கோல் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வருவார். அந்த மூலையில் ஒவ்வொன்றாக வைப்பார். அதற்குப் பெயர் வாசல் காய். வைத்ததும் கதவைச் சாத்துவார்கள். முப்பது வருடத்துக்குப் பக்கமாக ஒரு லாரிகூட வாசல் காய் இல்லாமல் போனதில்லை. இது ஏமாற்று வேலை இல்லையா என்று கல்லூரியில் படித்த சூட்டில் நான் ஒருநாள் கேட்டேன்.

“ஒரு வீட்டுக்கு விருந்தாளியா போறோம் பாப்பா. வாசல்ல நிக்கறப்ப மூஞ்சி கழுவிட்டு நிக்க வேணாமா?” என்றார்.

அந்த வருடம் அறுவடை நடுவில் கேட்டை மூடினார்கள். இரண்டு அரசாங்கத்துக்கும் கடல் எல்லையில் ஏதோ தகராறு. எங்கள் ஆற்றுக்கும் அந்தக் கடலுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் அக்கரையில் சொன்ன காரணம், முலாம்பழத்தில் பூச்சி இருக்கிறது என்பது.

எங்கள் லாரி டிரைவருக்கு ஹாரன் என்று பெயர். அவர் பேசினாலே அப்படித்தான் இருக்கும். பாலத்து நடுவில் நின்றுகொண்டு கத்தினார். “பூச்சி காயில இல்லடா, உங்க மூளையில இருக்கு! அக்கரைக்காரனுக்கு நம்ம மேல என்னைக்குடா அக்கறை இருந்துச்சு!”

பாலத்தில் லாரிகள் வரிசையாக வெயிலில் நின்றன. இரண்டாம் நாளே அடித்தட்டுகளிலிருந்து சாறு சொட்ட ஆரம்பித்தது. குளவி மொய்த்தது. ஊர் முழுக்க இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு வாடை. துணி காயப்போட்டால் துணியிலும் அந்த வாடை. கடைசியில் லாரிகளை ரிவர்ஸில் எடுத்து வந்து, காயை ஆற்றில் கொட்டினார்கள். கொட்டும்போது அண்ணன் கரையில் நின்று கைக்கு வந்ததை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னும் எதுக்கு டாக்டரே தட்டறீங்க? எல்லாம் செத்துப்போச்சு” என்றார் ஹாரன்.

“கை சும்மா இருக்க மாட்டேங்குதுய்யா.”

அதன் பிறகு சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கள் செயலாளர் ஒரு பெண். விவசாயம் படித்தவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பாதிக் கூட்டத்தை நடத்தி முடித்துவிடக்கூடியவர்.

“ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டுட்டு, அவங்க அடிச்சாலும் அங்கதான், வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினாலும் அந்தத் திண்ணையிலயே உக்காந்திருக்கோம். இன்னும் எத்தனை வருஷம்? நாலு நாட்டுக்கு வித்தா, ஒருத்தன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா மத்த மூணு பேர் இருக்காங்க” என்றார்.

“கடலைத் தாண்டி யாரும்மா நம்ம காயைத் திங்கப் போறான்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“வாய் இருக்கறவன் எல்லாம் திங்கறான்யா. உனக்கு மட்டும்தான் வாய் இருக்குன்னு நெனச்சியா?”

கூட்டம் சிரித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த ஷெட்டில் கேட்ட சிரிப்பு அது.

செயலாளர் எங்கெங்கோ எழுதி, எங்கெங்கோ பேசி, தூரத்தில் ஒரு சின்னத் தீவு நாட்டில் ஒரு வியாபாரியைப் பிடித்தார். அவர் முதலில் ஒரு கண்டெய்னர் மட்டும் அனுப்பச் சொன்னார். அது நல்லபடியாக வந்து சேர்ந்தால் மறு அறுவடையில் பாதியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. தீவுக்குப் பக்கத்து இரண்டு நாடுகளின் வியாபாரிகளும் அந்த ஒரு கண்டெய்னர் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கப்பல் போய்ச்சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். பழுத்த காய் அவ்வளவு நாள் தாங்காது. பாதி முற்றியதைப் பறித்துக் குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். அங்கே போய்த்தான் அது பழுக்க வேண்டும்.

இதைச் சொல்ல செயலாளர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“பிஞ்சைப் பறிக்கச் சொல்றீங்க.”

“பிஞ்சு இல்லண்ணே. பாதிச் சத்தம். எந்தச் சத்தத்துல பறிச்சா மூணு நாலு வாரம் கழிச்சு சரியாப் பழுக்கும்னு கண்டுபிடிக்கணும். அது உங்களால மட்டும்தான் முடியும்.”

அண்ணன் என் பக்கம் திரும்பி, “பாப்பா, டாக்டரையே திரும்பப் படிக்கப் போகச் சொல்றாங்க பாரு” என்றார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

பிறகு எங்கள் வீடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிட்டது. வெவ்வேறு பருவத்துக் காய்களைப் பறித்து, சாக்பீஸால் அடையாளம் போட்டு, பாதியைச் சங்கத்துக் குளிர் அறையிலும் பாதியை வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் வரிசையாக வைத்தார். எழுந்ததும் முதல் வேலை குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டுவது.

“கட்டிலுக்கு அடியில பிள்ளைங்க மாதிரி வரிசையாப் படுத்திருக்கு. நான்தான் இந்த வீட்டுல வேண்டாதவ” என்று அண்ணி என்னிடம் புகார் சொல்வார். ஆனால் பெருக்கும்போது ஒரு காய்கூட இடம் மாறாமல் பெருக்குவார்.

இரண்டு தடவை தவறிப்போனது. ஒரு தொகுதி பழுக்கவே இல்லை, வெள்ளரிக்காய் மாதிரி இருந்தது. இன்னொன்று சீக்கிரம் குழைந்துவிட்டது. மூன்றாவது முறை அவர் சத்தத்தைப் பிடித்துவிட்டார். நாள் கணக்கு முடிந்து வெட்டியபோது நாங்கள் நால்வரும் தின்றோம். செயலாளர் ஒரு துண்டை வாயில் வைத்ததும் பேச்சை நிறுத்தினார். அவர் பேச்சை நிறுத்தி அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

கண்டெய்னர் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளை இரும்புப் பெட்டி, ஒரு வீடு அளவுக்கு. திறந்ததும் உள்ளிருந்து புகை மாதிரி குளிர் வந்தது. லோடுமேன்கள் உள்ளே போவதும், வெளியே வந்து கையைத் தேய்த்துக்கொள்வதும், ஒருவரையொருவர் கேலி செய்வதுமாக இருந்தார்கள். ஹாரன் தனக்கு லாரியில் வேலை இல்லை என்று தெரிந்தும் வந்து நின்று, கண்டெய்னர் டிரைவருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காயைத் தட்டி அனுப்பினார். ஒன்றுகூடச் சோடை இல்லை. கடைசிப் பெட்டி ஏறியது. கதவோரம் அந்தச் சிறிய இடம். மேஸ்திரி, வழக்கத்தைவிட உற்சாகமாக, ஷெட் அதிரக் குரல் கொடுத்தார்.

“டாக்டர், வாசல்!”

அண்ணன் வைக்கோலில் சுற்றி ஏற்கனவே எடுத்து வைத்திருந்தார். மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வாசனை எனக்கே வந்தது. அந்த அறுவடையிலேயே ஆகப் பழுத்த ஆறு காய். புது நாடு, முதல் தடவை போகிறோம் என்று இன்னும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருந்தார். ஒவ்வொன்றாக மூலையில் வைத்தார். செயலாளர் பக்கத்தில்தான் நின்றார். நான் போட்டோ எடுத்தேன். மேஸ்திரி பார்த்தார், ஹாரன் பார்த்தார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடுவது போல அது நடந்தது. கதவைச் சாத்தினார்கள், சீல் வைத்தார்கள், கை தட்டினோம்.

பழுத்த காய் பக்கத்துக் காயைப் பழுக்க வைக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது மூச்சு விடுகிற மாதிரி ஏதோ ஒரு வாயுவை விடும், மற்றவை அதைக் குடித்துப் பழுக்கும். காற்று வந்துபோகிற லாரியில், ஒரு நாள் தூரத்தில், அதனால் ஒன்றும் ஆகாது. இதுவோ மூடிய இரும்புப் பெட்டி. வழி மூன்று வாரம்.

வீடியோ செயலாளரின் போனுக்கு வந்தது. ஷெட்டில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். ஒரு துறைமுகம், தொப்பி போட்ட ஒருவர், எங்கள் வெள்ளைப் பெட்டி. கதவைத் திறந்ததும் அந்த மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். கதவோரம் இருந்தவை கறுத்து, உட்கார்ந்து, தண்ணீராக ஓடியிருந்தன. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகக் குழைந்த மஞ்சள். உள்ளே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆகக் கடைசியில், எதிர்ச் சுவரோரம் மட்டும் சில பெட்டிகள் நன்றாக இருந்தன. அங்கே உள்ளவர் ஒன்றை எடுத்து வெட்டித் தின்று தலையை ஆட்டினார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அது இனித்திருக்கிறது.

செயலாளர் கூடவே வந்திருந்த செய்தியைப் படித்துச் சொன்னார். “கெட்டது கதவுப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்காம். பழுத்த காயை ஏன் ஏத்தினீங்கன்னு கேக்கறாங்க.” நிமிர்ந்தார். “நாம பழுத்தது எதுவும் ஏத்தலியே? யாராச்சும் கலந்துட்டீங்களா?”

லோடுமேன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் முன்னால் வந்தார்.

“ஏத்தினேம்மா.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“வாசல் காய்.”

செயலாளர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

“கடல்ல வாசல் ஏதுண்ணே?” என்றார், குழந்தையிடம் கேட்பது போல.

யாரும் அண்ணனைத் திட்டவில்லை. மேஸ்திரி, “நான்தானே கூப்பிட்டேன், என்னைச் சொல்லுங்க” என்றார். தீவு வியாபாரி இனி வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த மற்ற இருவரும் பிறகு சொல்கிறோம் என்றார்கள். அக்கரையில் கேட் திறந்தது. பூச்சி எங்கே போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் அவர்கள் சொன்ன விலைக்குத் தலையாட்டினார்கள். முதல் லாரியோடு போன ஹாரனிடம், கேட்டில் நிற்கும் சோதனை அதிகாரி, வாசல் காயை வெட்டி வாயில் போட்டுக்கொண்டே, “என்னப்பா, கடல் தண்ணி ரொம்ப உப்பா இருந்துச்சா?” என்று கேட்டாராம். ஹாரன் இதை எங்களிடம் மெதுவான குரலில் சொன்னார். அப்போதுதான் அவருக்கும் மெதுவான குரல் ஒன்று இருப்பது தெரிந்தது.

அண்ணன் அதற்குப் பிறகு வாசல் காய் வைக்கவில்லை. மேஸ்திரி, கூப்பிடாமல், சத்தமில்லாமல், தானே வைத்துவிடுவார். இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அவரை டாக்டர் என்று கூப்பிடுவது நின்றுபோனது. அண்ணே என்றார்கள். கேலி பேசவில்லை. அவர் வந்தால் நகர்ந்து நாற்காலி போட்டார்கள். பட்டப்பெயர் போன பிறகு மனிதர் கொஞ்சம் குள்ளமாகிவிட்டது போல இருந்தது. கடைக்குப் போனால் கடைக்காரர் மரியாதையாகப் பேசுகிறார் என்று ஒருநாள் சொன்னார். அதை ஒரு நோய் மாதிரி சொன்னார்.

அண்ணி விடாமல் முயன்று பார்த்தார். சாப்பிடும்போது பழையபடி தலையை நீட்டினார். “தட்டிப் பாருங்களேன், ஏதாச்சும் முத்தியிருக்கான்னு.”

அண்ணன் கையைத் தூக்கினார். தட்டவில்லை. அண்ணியின் தலையில் கையை வைத்து, முடியை ஒதுக்கிவிட்டு, எழுந்து போய்விட்டார். அண்ணி சோற்றைப் பிசைந்தபடியே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

செயலாளர் மட்டும் விடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அலைந்து, குளிர் நாடு ஒன்றில் வேறொரு வியாபாரியிடம் பேசி, திரும்பவும் ஒரு கண்டெய்னருக்கு வழி செய்தார். திரும்பவும் வீட்டுக்கு வந்தார். இந்த முறை ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“சத்தம் உங்களுக்குத்தான்ணே தெரியும்.”

“சத்தம் எனக்குத் தெரியும்மா. என் கைதான் என் பேச்சைக் கேக்காது.”

“நீங்க இல்லாம ஒரு காயைக்கூடப் பறிக்க மாட்டோம்.”

அண்ணன் ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை போட்டார். வயலில் காயைத் தேர்ந்து சாக்பீஸ் போட்டுக் கொடுப்பார். ஏற்றும் நாளில் ஷெட்டுக்கு வர மாட்டார். அப்போதே அவருக்கு இருமல் இருந்தது. வெயிலில் வரப்பு வரப்பாகக் குனிந்து போவார். நின்று இருமுவார். திரும்பக் குனிவார். பறிக்கிற பெண்கள் சிலர் கூடவே போய்த் தாங்களும் தட்டிக் கேட்டார்கள். அவரும் தடுக்கவில்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. நீங்களே கேட்டுக்கோங்க என்பது போலக் கொஞ்சம் அதிக நேரம் காயைக் காதோரம் வைத்திருப்பார்.

ஏற்றும் நாளில் நான் ஷெட்டுக்குப் போனேன். அவர் வீட்டில், சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார் என்று அண்ணி சொன்னார். ஷெட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. செயலாளர் கண்டெய்னர் கதவைவிட்டு நகரவே இல்லை. லோடுமேன்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சாத்தியதும் பெருமூச்சு விட்டார்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் திரும்பாமலே கேட்டார். “கதவைச் சாத்தியாச்சா?”

“சாத்தியாச்சுண்ணா.”

“யாரும் எதுவும்...”

“வைக்கல.”

“நல்லது” என்றார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கப்பல் கிளம்பிய பிறகுதான் அண்ணி அவரை வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். இளவயது டாக்டர். சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டச் சொன்னார். இடது கையை முதுகில் பதித்து, அதன் மேல் வலது கை நடுவிரலை மடக்கித் தட்டினார். அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார்.

“சார், இன்னொரு தடவை தட்டுங்க.”

“ஏன், வலிக்குதா?”

“இல்ல சார். கேக்கணும்.”

டாக்டர் சிரித்துக்கொண்டே மேலேயிருந்து தட்டிக்கொண்டு வந்தார். மேல் முதுகில் கணீரென்று இருந்தது. கீழ் விலாவுக்கு வந்ததும் சத்தம் அடங்கியது. எனக்கே வித்தியாசம் தெரிந்தது. என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் கண்ணைப் பாதி மூடியிருந்தார். பழைய முகம் அது.

அண்ணி மருந்து வாங்கப் போனபோது, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

“பாப்பா, இந்தக் காய் தூரம் தாங்காது.”

“சும்மா இருங்கண்ணா.”

“அண்ணிகிட்ட சொல்லாத. சரி, கப்பல் எங்க போயிட்டிருக்கு, காட்டு.”

கப்பல் போகும் இடத்தைப் போனில் பார்க்கலாம். நீலத்தில் ஒரு சின்னப் புள்ளி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களில் அவர் வேறு எதையும் பற்றிக் கேட்கவில்லை. காட்டு என்பார். காட்டுவேன். விரலால் புள்ளிக்கும் கரைக்கும் நடுவில் அளப்பார். “இப்ப பாதிச் சத்தத்தைத் தாண்டியிருக்கும்” என்பார். “இப்ப தோல்ல லேசா மஞ்சள் ஓடும்.” ஒருநாள் அண்ணி வந்து தலையை அவர் கைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். அண்ணன் ஒரு விரலால் இரண்டு தட்டு தட்டினார். ரொம்ப மெதுவாக.

“என்ன கேக்குது?” என்றார் அண்ணி.

“நெறைய இருக்கு” என்றார் அண்ணன். “காலின்னு நான் பொய் சொல்லிட்டேன் இவ்வளவு நாளும்.”

அவர் போனபோது புள்ளி இன்னும் கரையைத் தொடவில்லை. ரொம்பக் கிட்டத்தில் இருந்தது.

செய்தி வந்த அன்று செயலாளர் என்னைப் படிக்கச் சொன்னார். அவரால் படிக்க முடியவில்லை. குளிர் நாட்டு வியாபாரி எழுதியிருந்தது இதுதான்: காய் எல்லாம் கெட்டியாக, தோலில் லேசாக மஞ்சள் ஓடி வந்து சேர்ந்தது. சொன்னபடி சில நாள் வெளியே வைத்தோம். நன்றாகப் பழுத்தது, மிகவும் இனிப்பு. வரும் அறுவடையில் வாரம் ஒரு கண்டெய்னர் அனுப்பலாம். ஒரே ஒரு குறை. கதவோரத்து மூலையில் ஆறேழு காய் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதனால் வழியில் பெட்டிகள் நகர்ந்திருக்கின்றன. அடுத்த முறை அந்த இடத்தையும் நிரப்பி அனுப்பவும்.

செயலாளர் எழுந்தார். “நான் கதவுகிட்டயேதான் நின்னேன். எப்படிக் காலியா விட்டாங்க?” என்று மேஸ்திரியைக் கூப்பிட்டு விட்டார்.

மேஸ்திரி வந்து நின்றார். தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

“யாரும் விடணும்னு விடலம்மா” என்றார். “அந்த மூலை வந்ததும் பசங்க எல்லாரும் தானா நின்னுட்டாங்க. நானும் நின்னுட்டேன். யார் கையும் அங்க போகல. அது டாக்டர் வைக்கிற எடம்.”

நான் திரும்பி உட்கார்ந்து, அடுத்த முறை நிரப்பி அனுப்புகிறோம் என்று அந்த வியாபாரிக்குப் பதில் எழுதினேன்.